வெறுங்கால் புராணம்

புராணம் பிறப்பதற்குப் பழங்காலம் வேண்டும் என்பதில்லை. பனையோலையும் எழுத்தாணியும் கூடத் தேவையில்லை. ஒரு தோல்வி இருந்தால் போதும். அத்தோல்விக்குப் பொறுப்பானவர்கள் சிலர் இருந்தால் போதும். அவர்களை யாரும் கேள்வி கேட்காமலிருக்க ஒரு நல்ல கதை கிடைத்தால் போதும். நம் கண் முன்னால், அச்சு யந்திரமும் வானொலியும் வந்த பிறகு, செய்தித்தாள் நாள்தோறும் வெளிவந்து கொண்டிருந்த காலத்தில் பிறந்த புராணம் ஒன்று உண்டு. அதற்கு நான் இட்ட பெயர் வெறுங்கால் புராணம்.

அதை அண்மையில் நான் கேட்டது சிக்கலில். ஊரின் பெயரே சிக்கல் - இராமநாதபுரம் மாவட்டம், கடலாடி வட்டத்து ஊர். மழை பொய்த்த ஆண்டில் கண்மாய் வற்றிவிட்டால் அதுவே ஊர் இளைஞரின் ஆடுகளம். சீமைக் கருவேல முள்ளைத் தென்னை விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளிவிட்டு, இருபுறமும் இரண்டிரண்டு செங்கல் நட்டுவிட்டால் கோல் தயார். ஆடியவர்களில் நாலைந்து பேர் காலில் பூட்சு, மற்றவர்கள் வெறுங்கால். ஆட்டம் முடிந்து அனைவரும் கரையோரத்து டீக்கடைக்கு வந்தனர். அங்கே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், வெறுங்காலோடு நின்ற சிறுவனைப் பார்த்து, அன்போடுதான் சொன்னார்:

"வெறுங்காலுன்னு வெக்கப்படாதடா பேராண்டி. நம்மாளுக வெறுங்காலோட ஆடித்தான் ஒலகக் கோப்பைக்கே போக இருந்தாக. பூட்சு போட்டாத்தான் விடுவேன்னு வெள்ளைக்காரன் சொல்லிப்புட்டான். போடா, நீயும் ஒன் கோப்பையும்னு வந்துட்டாக. மானஸ்தனுக!"

சிறுவன் தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டான். முகத்திலே பெருமை. எனக்கோ நாவு எழவில்லை. அன்போடு சொல்லப்படும் பொய்யை எதிர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை, பாட்டி வாயால் கதை கேட்டு வளர்ந்த பகுத்தறிவாளர் அனைவரும் அறிவர்! அங்கே பேசாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

கதையின் கரு இதுதான். 1950-இல் பிரேசில் நாட்டில் உலகக் கோப்பை. இந்தியா தகுதி பெற்றது. வெறுங்காலுடன் ஆடக்கூடாது என்று உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா தடை விதித்தது. இந்தியா மறுத்து விலகியது. ஏடுகள் எழுதின, பேச்சாளர்கள் பேசினர், பள்ளி ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்தனர். இன்று கைப்பேசியில் கூட வலம் வருகிறது. நம்பாதவன் நாட்டுப்பற்று இல்லாதவன் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

ஐயா, ஒரே ஒரு கேள்வி. 1950-இல் வெறுங்காலுக்குத் தடை என்றால், 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவை எதிர்த்து நம் வீரர் பலர் வெறுங்காலுடன் இறங்கினரே, அது எப்படி? ஒலிம்பிக் கால்பந்தும் அதே ஃபிஃபாவின் விதிப்படி நடப்பதுதானே? ஆட்டம் 10-1 என்ற கணக்கில் தோல்வியில் முடிந்தது. வடதுருவத்துக்கு அண்மையான ஊரின் குளிரில், ஈரப்புல்லில், வெற்றுப் பாதங்கள் வழுக்கின. அதற்குப் பிறகுதான் பூட்சு அணிதல் கட்டாயம் என்று முடிவு செய்தனர். முடிவு செய்தது யார்? வெள்ளைக்காரனல்ல, நம்முடைய அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு! 1950-இல் மானத்தோடு மறுத்ததாகச் சொல்லப்படும் பூட்சை, 1952-க்குப் பிறகு நாமே நம் காலில் மாட்டிக்கொண்டோம் என்பது எந்தப் புராணிகரும் பாடாத படலம்.

இன்னொன்றும் கேளுங்கள். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சு நாட்டோடு மோதி 2-1 என நூலிழையில் தோற்றபோது, நம் பதினொருவரில் பெரும்பாலோர் வெறுங்கால்; சிலர் பூட்சு அணிந்தனர். பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் வீணாக்கியதால் வெற்றி கை நழுவியது. அதாவது, பூட்சு அணியத் தெரிந்தவர் அன்றே அணியில் இருந்தனர். அதை அணிவதா வேண்டாமா என்பது பழக்கத்தைப் பொறுத்தது. சமயக் கொள்கை போல் அதை யாரும் காத்து நிற்கவில்லை.

அப்படியானால் 1950-இல் நடந்ததென்ன? ஆசியாவுக்கென ஓர் இடம். அதற்குப் போட்டியிட வேண்டிய பர்மா, பிலிப்பைன்ஸ் முதலியவை ஒதுங்கிக்கொண்டன. ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடாமல், ஒரு கோல்கூட அடிக்காமல், இந்தியா தகுதி பெற்றது. பிரேசிலில் சுவீடன், இத்தாலி, பராகுவே ஆகியவற்றோடு ஒரே பிரிவில் இந்தியாவின் பெயர் சீட்டில் விழுந்தது. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்க அழைத்தவர்கள் முன்வந்தனர். ஆனாலும் கூட்டமைப்பு விலகிற்று. அணித் தேர்வில் கருத்து வேற்றுமை, பயிற்சிக்குப் போதிய காலமில்லை என்பவை அது சொன்ன காரணங்கள். பூட்சு அந்தப் பட்டியலில் இல்லை. அந்த அணிக்குத் தலைமை தாங்கியிருக்க வேண்டிய சைலேன் மன்னா பின்னாளில் பலமுறை விளக்கினார்: அன்றைக்கு எங்களுக்கு ஒலிம்பிக்தான் எல்லாம், உலகக் கோப்பையின் பெருமை எங்களுக்கு எடுத்துச் சொல்லப்படவே இல்லை என்பது அவர் பேச்சின் பொருள். வெறுங்கால்தான் காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. 2012-இல் அவர் மறைந்தார். கதை மறையவில்லை.

கதை ஏன் மறையவில்லை என்பதுதான் நம்மனோர் ஆராய வேண்டியது. உண்மையைச் சொன்னால், நாலு நாற்காலிக்காரர்கள் பதில் சொல்ல வேண்டும்: வாயிற்கதவு திறந்து கிடந்ததே, வண்டிச் செலவும் வருகிறதே, ஏன் போகவில்லை? கதையைச் சொன்னால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. குற்றம் வெள்ளையனுடையது, பெருமை நம்முடையது. ஊழ்வினை என்று சொல்லி உழைப்பாளியின் வாயை அடைத்த அதே வேலையை இக்கதை வேறு உடையில் செய்கிறது. ஏழ்மையால் வந்த வெறுங்காலை வீரத்தின் சின்னமாக்கி, பூட்சு வாங்கித் தரவேண்டியவன் கடமையை நழுவ விடுகிறது.

இப்படிச் சொல்வதால், உலகக் கால்பந்தின் மேலிடத்தில் நீதி ஆட்சி புரிந்தது என்று நான் சான்று வழங்குவதாக எண்ணிவிடாதீர்கள். அநீதி இருந்தது, ஏராளமாக இருந்தது. புராணத்தின் பெருங்கேடே, உண்மையான அநீதியை அது மறைத்துவிடுவதுதான். அந்த 1950-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் நான்கு அணிகளுக்குள் நடந்த போட்டிக்கு இரண்டு இடம். ஆசியக் கண்டம் முழுமைக்கும் ஒன்று! இரண்டாவதாக வந்த ஸ்காட்லாந்து, 'முதலாவதாக வந்தால்தான் போவோம்' என்று வீம்பு பேசி, கிடைத்த இடத்தை வேண்டாமென்றது. மானஸ்தர்கள் அங்கும் இருந்தார்கள் போலும்!

1958-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. ஆசியா, ஆப்பிரிக்கா இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடம். இந்தோனேசியா, எகிப்து, சூடான் என ஒவ்வொன்றாக, அரசியல் காரணத்தால், இஸ்ரேலுடன் ஆட மறுத்து விலகின. ஆடாமலே இஸ்ரேல் முன்னேறும் நிலை. 'ஆடாமல் எவரும் தகுதி பெறலாகாது' என்று விதி சொன்னது ஃபிஃபா. நல்ல விதிதான், 1950-இல் ஆடாமலே நுழைந்த நாம் அதைக் குறை சொல்லலாகாது. ஆனால் இஸ்ரேலுடன் ஆட எவரைத் தேடினர்? ஐரோப்பாவில் தம் பிரிவுகளில் இரண்டாமிடம் பெற்றுத் தோற்று நின்றவர்களுக்குள் சீட்டுக் குலுக்கினர். வேல்ஸ் வந்தது, இரண்டு ஆட்டத்திலும் 2-0 என வென்றது, சுவீடனுக்குச் சென்றது. ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரிய ஒரே இடத்தில் உட்கார்ந்தது வேல்ஸ்! இரு கண்டங்கள் அவ்வாண்டு வாயில்படியில்கூட நிற்கவில்லை.

இனி 1966. தோழர்கள் சற்று நிதானித்துப் படிக்கவேண்டிய ஆண்டு இது. இங்கிலாந்தில் நடக்கவிருந்த போட்டிக்குப் பதினாறு இடங்கள். ஐரோப்பாவுக்குப் பத்து, தென் அமெரிக்காவுக்கு நான்கு, வட, நடு அமெரிக்காவுக்கு ஒன்று. எஞ்சிய ஒன்றை ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். ஆப்பிரிக்காவில் வென்றவன், ஆசியாவில் வென்றவனோடும் மோதி வென்றால்தான் இலண்டன் மண்ணை மிதிக்கலாம். பந்தியில் பதினைந்து இலை ஒரு பக்கம் விரித்துவிட்டு, மிச்சமுள்ள ஓர் இலையில் மூன்று ஊரார் கூடி உண்ணுங்கள் என்றால், அதன் பெயர் விருந்தா?

அந்த ஆப்பிரிக்கா யாருடைய ஆப்பிரிக்கா? 1957-இல் கானா விடுதலை பெற்றது. 1960-இல் மட்டும் பதினேழு நாடுகள் அடிமை விலங்கு கழற்றின. ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பும் 1957-இல் பிறந்ததே. தொடக்கத்திலேயே அது ஒரு முடிவு எடுத்தது: தென்னாப்பிரிக்கா வெள்ளையர் மட்டும் கொண்ட அணியையோ கறுப்பர் மட்டும் கொண்ட அணியையோ அனுப்புவேன் என்றது, இருவரும் கலந்த அணிதான் வேண்டும் என்று சொல்லி அதை விலக்கி வைத்தது. தீண்டாமையை நன்கு அறிந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஃபிஃபாவோ 1961-இல் தென்னாப்பிரிக்காவை நிறுத்தி வைத்தது. 1963-இல், இங்கிலாந்துக்காரரான தலைவர் ஸ்டான்லி ரூஸ் நேரில் போய்ப் பார்த்து வந்த பின், தடையை நீக்கியது. 1964-இல் டோக்கியோ மாநாட்டில் புதிய உறுப்பு நாடுகள் குரலெழுப்பவே மீண்டும் தடை விதித்தது. விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்று ஓதியவர்கள்தாம், நிறவெறி அரசுக்குக் கதவைத் திறந்துவிடப் பார்த்தார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 1964-இல் ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றாய் எழுந்தன. கானாவின் அதிபர் குவாமே இன்க்ருமா பின்னணியில் நின்றார். அந்நாட்டின் விளையாட்டுத் துறைத் தலைவர் ஓஹேனே ஜான் முன்னணியில் நின்றார். எங்கள் கண்டத்துக்கு நேரடியாக ஓர் இடம் தா, இல்லையேல் ஆடமாட்டோம். கோரிக்கை அவ்வளவே. பதினைந்து நாடுகள் விலகின. ஃபிஃபா தண்டம் விதித்தது. அவர்கள் அசையவில்லை. அடுத்த போட்டியான 1970-இல் ஆப்பிரிக்காவுக்குத் தனியே ஓரிடம் வந்தது. மொராக்கோ மெக்சிகோவுக்குச் சென்றது. 1974-இல், ஆப்பிரிக்க வாக்குகளின் துணையோடு பிரேசிலின் அவலாஞ்சு ஸ்டான்லி ரூசைத் தோற்கடித்தார். அவலாஞ்சு ஆட்சி தூய ஆட்சி என்று சொல்ல நான் முற்படவில்லை. அது வேறு கதை, அழுக்குக் கதை. ஆனால் மேசைக்கு அப்பால் நின்றவர்கள் மேசையைத் திருப்பிப் போட முடியும் என்பது அன்று தெரிந்தது.

1966-இல் அந்த ஒற்றை இடத்துக்கு என்ன ஆயிற்று? தென்கொரியாவும் ஒதுங்கிவிட, 1965-இல் கம்போடியாவின் தலைநகரில் ஆஸ்திரேலியாவை 6-1, 3-1 என்று வென்று வடகொரியா போயிற்று. உலகம் சிரித்தது. மிடில்ஸ்பரோ நகரில் 1966 சூலை 19 அன்று இத்தாலியை அது 1-0 எனச் சாய்த்த பிறகு சிரிப்பு நின்றது. அடுத்த ஆட்டத்தில் போர்ச்சுகலுக்கு எதிராக மூன்று கோல் முன்னிலை பெற்று, பிறகு 5-3 எனத் தோற்றது. போர்ச்சுகலுக்காக அன்று நான்கு கோல் அடித்தவர் யுசேபியோ. அப்போட்டி முழுவதும் ஒன்பது கோல் அடித்து முதலிடம் பெற்றவரும் அவரே. அவர் பிறந்த மண் எது தெரியுமா? மொசாம்பிக் - அன்று போர்ச்சுகலின் அடிமை நாடு. ஆப்பிரிக்காவுக்கு இடமில்லை என்று சொன்ன அரங்கில் ஆப்பிரிக்கன் ஒருவன் எசமானனின் சட்டையணிந்து கோல் அடித்துக் கொண்டிருந்தான்!

இரண்டு விலகல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆப்பிரிக்கா விலகியபோது கோரிக்கை இருந்தது, கூட்டு இருந்தது, தண்டத்தைத் தாங்கும் துணிவு இருந்தது. கேட்டதைப் பெற்றது. இந்தியா விலகியபோது இவற்றில் எதுவும் இல்லை. ஒரு சாக்கு மட்டும் இருந்தது. பெற்றது என்ன? 1954 போட்டிக்கு நாம் அனுப்பிய விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. உலகக் கோப்பையின் தகுதிச் சுற்றில் இந்தியா முதன்முதலாகக் கால் வைத்தது 1985-இல்தான். முப்பத்தைந்து ஆண்டு! இத்தனைக்கும் இடைப்பட்ட காலத்தில் 1951-லும் 1962-லும் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றவர்கள் நாம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றவர்கள். கால் இருந்தது, திறன் இருந்தது. போக வேண்டும் என்று நினைத்தவர் மட்டும் அலுவலகத்தில் இல்லை.

விளையாட்டரங்கம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்பாரைச் சிலி நாட்டுத் தலைநகர் சாந்தியாகோவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். 1973 செப்டம்பரில் அங்கே இராணுவப் புரட்சி. தேசிய விளையாட்டரங்கு சிறைக்கூடமாயிற்று; அடைக்கப்பட்டோர் வதைக்கப்பட்டனர். நவம்பர் 21 அன்று அங்கேயே தகுதிச் சுற்று ஆட்டம். அரங்கைப் பார்வையிட வந்த ஃபிஃபா குழு, ஆடத் தடையில்லை என்றது. சோவியத் அணி வர மறுத்தது. எதிரில் ஆளில்லாத களத்தில் சிலி வீரர்கள் பந்தை உருட்டிக்கொண்டு போய் வெறுங்கோலில் போட்டார்கள். சிலி தகுதி பெற்றது. சோவியத்தின் மறுப்பிலும் அரசியல் கணக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும், அந்தப் புல்லைப் பார்வையிட்டவர்களின் கண்ணுக்குப் புல் மட்டுமே தெரிந்தது என்பதை என்னென்பது!

நம் காலத்துக்கு வருவோம். ஏனெனில் வெறுங்கால் புராணத்துக்கு இப்போது ஒரு தம்பி பிறந்திருக்கிறான். 2024 சூன் 11, கத்தார் தலைநகர் தோகா. 2026 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. சாங்டே அடித்த கோலால் இந்தியா 1-0 என முன்னிலை. 73-ஆம் நிமிடத்தில் பந்து கோல் கம்பத்துக்கு வெளியே எல்லைக்கோட்டைத் தாண்டி உருண்டது; நம் கோல்காவலர் குர்ப்ரீத் அதன்மேல் படிந்தார்; ஆட்டம் நின்றதென்றே எண்ணினார். கத்தார் வீரர் ஒருவர் பந்தை உள்ளே இழுத்தார். யூசுப் அய்மன் வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் என்றார். படப்பதிவைப் பார்த்துச் சரிசெய்யும் ஏற்பாடு அந்தச் சுற்றில் இல்லை. பிறகு இன்னொரு கோல், 2-1 தோல்வி. கூட்டமைப்பு முறையிட்டது, முடிவு மாறவில்லை. அது அநீதி. அதில் ஐயமில்லை. உலகமே பார்த்த பிழையைத் திருத்தும் வழி வைக்காமல் ஒரு நாட்டின் நான்காண்டு முயற்சியை முடித்து வைப்பது எந்த நியாயம்?

ஆனால் தோழர்களே, கணக்கையும் போட்டுப் பார்ப்போம். தோகாவுக்குப் போகும்போது இந்தியாவிடம் இருந்தவை 5 புள்ளிகள். குவைத் தன் கடைசி ஆட்டத்தையும் வென்று 7 புள்ளிகளோடு இரண்டாமிடம் பெற்றது. அதற்கு முன், மார்ச் 26 அன்று கவுகாத்தியில், நம் மண்ணில், ஆப்கானிஸ்தானிடம் 2-1 எனத் தோற்றோம். சொந்த நாட்டில் ஆட வழியில்லாமல் தன் 'உள்ளூர்' ஆட்டத்தை அயல்நாட்டில் ஆடிய ஆப்கானிஸ்தான் அது! அன்று நாமே முதலில் கோல் அடித்தோம். பிறகு கோட்டை விட்டோம். அந்த ஓர் ஆட்டத்தை வென்றிருந்தால் தோகாவுக்கு 8 புள்ளிகளோடு போயிருப்போம். நடுவர் எத்தனை பிழை செய்தாலும் அடுத்த சுற்று நமதே. கொல்கத்தாவில் குவைத்தை வென்றிருந்தாலும் அப்படியே. தோகா நடுவரைத் திட்டுவோர் நூறாயிரம். கவுகாத்தியைப் பற்றிக் கேட்போர் எத்தனை பேர்? 2022 ஆகஸ்டில் நிர்வாகக் குழப்பத்தால் இந்தியக் கூட்டமைப்பையே ஃபிஃபா பதினோரு நாள் நிறுத்தி வைத்ததே, அதை எந்த வெள்ளைக்காரன் தலையில் கட்டுவது?

இப்போது இலை குறைவு என்றும் சொல்ல முடியாது. 2026-க்கு 48 இடம். ஆசியாவுக்கு நேராக எட்டு. ஜோர்டானும் உஸ்பெகிஸ்தானும் முதன்முறையாகத் தகுதி பெற்றன. கரீபியன் கடலில் குராசோ என்றொரு தீவு. மக்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். 2025 நவம்பரில் அதுவும் தகுதி பெற்றது. நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்த வீரர்களே அதன் பலம் என்பது உண்மை. இருந்தாலும் அளவைப் பாருங்கள். நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள் தொகை 2011 கணக்கெடுப்பின்படி பதின்மூன்று லட்சத்துக்கு மேல்.

மறுநாள் மாலையும் அந்தக் கண்மாய்க்குப் போனேன். முதல்நாள் பெருமையோடு கால் பார்த்த சிறுவன், கரையில் உட்கார்ந்து, ஊக்கு முனையால் பாதத்திலிருந்து கருவேல முள்ளைத் தோண்டிக் கொண்டிருந்தான். ஆடவில்லையா என்று கேட்டேன். "இங்கன ஆடுவேன் அண்ணே. ஞாயித்துக்கெழமை பரமக்குடிப் பக்கம் மேச்சு. அதுக்குத்தான் கூட்டிட்டுப் போகலை. நடுவரு பூட்சு இல்லாம எறங்க விட மாட்டாராம்" என்றான். இன்றைய ஆட்ட விதியில் காலணி கட்டாயம். அவர் மேல் குற்றமில்லை.

பெரியவரும் அருகில்தான் இருந்தார். சிறிது நேரம் அவன் காலையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ஒரு சோடி என்ன வெலைடா வரும்?"